எண்சாண் உடம்பும் இரண்டு கைகளும்

வேலை கேட்டு வரும் இளம் ஓவியர்களின் ஃபைலைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது கைகளை. முகம் அழகாக இருக்கும், கண்ணில் ஒளி இருக்கும், கூந்தல் இழை இழையாக விழும். கை மட்டும் இருக்காது. கதாநாயகன் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டிருப்பான். கதாநாயகி முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பாள். பாட்டி முந்தானைக்குள் மறைத்திருப்பாள். பத்துப் பக்கம் புரட்டியும் ஒரு முழுக் கை கண்ணில் படவில்லையென்றால், அந்தப் பிள்ளைக்கு எது வராது என்று தெரிந்துவிடும். பத்திரிகை ஓவியமோ சினிமா ஸ்டோரிபோர்டோ அனிமேஷனோ பாடநூலோ, ஆள் எடுப்பவரின் கண் சீக்கிரமே அங்கே போய் நிற்கும்.

நானும் ஒரு காலத்தில் ஒளித்தவன்தான். இருபத்திரண்டு வயதில் ஒரு வார இதழுக்குச் சிறுகதைப் படம் கொண்டுபோனேன். பூக்காரம்மா ஒருவரின் கதை. முகத்தை நன்றாக வரைந்து, கைகளைக் கூடைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஓவியப் பிரிவில் இருந்த பெரியவர் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். “இந்தம்மா பூ கட்டுறவங்கதானே தம்பி? எதால கட்டுறாங்க?” என்று கேட்டுவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை ஒரு பூக்கடை ஓரமாக நின்றேன். நார் விரல்களுக்கு நடுவே எப்படிப் புரள்கிறது, காம்பைக் கட்டைவிரல் எந்த நொடியில் அழுத்திப் பிடிக்கிறது என்று முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பென்சிலை எடுத்தது மறுநாள்தான்.

வரைவதை வேலையாக எடுத்துக்கொள்ள நினைக்கிறீர்கள், முகம் வருகிறது, கையும் உடம்பும் வரவில்லை என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கு. மூன்று மாதம் ஒழுங்காக உழைத்தால் மற்றவர் கண்ணுக்கே தெரியும் அளவு முன்னேறலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையை ஒரு பாடமாகவும் உடம்பை இன்னொரு பாடமாகவும் பிரித்துப் படிக்காதீர்கள். உடம்பின் அளவு கைக்குள் இருக்கிறது. கையின் அசைவு உடம்பிலிருந்து வருகிறது. தனிக் கைகளை மட்டும் நூறு தடவை வரைந்து பழகியவர்கள், அந்தக் கையை ஓர் ஆளின் தோளோடு சேர்க்கும்போது தடுமாறுவது இதனால்தான்.

சாணும் முழமும்

அளவுப் பாடம் நம் பேச்சிலேயே இருக்கிறது. எண்சாண் உடம்பு என்கிறோமே, அது வெறும் சொல்வழக்கு இல்லை, கணக்கு. சுவரோரமாக நின்று உங்கள் உயரத்தைக் குறித்து, விரல்களை நன்றாக விரித்து உங்கள் சாணாலேயே அளந்து பாருங்கள். எட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு சாண் ஒரு முழம். முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளம் அது. ஆகவே ஆள் உயரம் ஏறத்தாழ நான்கு முழம். பூ வாங்கும்போது பூக்காரம்மா தன் கையை நீட்டி அளக்கிறாரே, அந்த அளவுகோலையே நீங்கள் தாளில் வைக்கப்போகிறீர்கள்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. முழம் உயரத்தில் கால் பங்கு. தாடையிலிருந்து உச்சி வரை தலை, எட்டில் ஒரு பங்கு. தாடையிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை முகம், பத்தில் ஒரு பங்கு. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை கையும் அதே பத்தில் ஒரு பங்கு. லியோனார்டோ டா வின்சி சுமார் 1490-இல் வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் நிறுத்திய மனிதன் இந்தக் கணக்கின் படம். விரித்த கைகளின் அகலமும் ஆளின் உயரமும் சமம் என்பதைத்தான் அந்தச் சதுரம் காட்டுகிறது.

நம் சிற்பிகள் இந்த அளவைத் தாளம் என்கிறார்கள். ஒரு தாளத்துக்கு 12 அங்குலம். இது ஸ்கேலில் இருக்கும் இஞ்ச் அன்று. செய்யப்போகும் சிலையின் உயரத்தைப் பங்கிட்டுப் பெறும் அங்குலம். சிலை ஒரு சாணோ ஓர் ஆள் உயரமோ, விகிதம் மாறாமல் இருப்பது அதனால்தான். சிவன், விஷ்ணு போன்ற மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம், அதாவது பத்துத் தாளத்தோடு நான்கு அங்குலம் கூட்டி 124 அங்குலம். பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். தலை அதே முக்கியத்துவத்தோடு இருக்க, உடம்பு குறுகிவிடுவதால் அவரிடம் ஒரு குழந்தைத்தனம் வந்துவிடுகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னையோலையைக் கீறி, அதை மடித்து மடித்தே இந்தப் பங்குகளைக் குறித்துக்கொள்வார்கள். நீங்களும் ஒரு காகிதத் துண்டை அப்படி மடிக்கலாம். எண்களை மனப்பாடம் செய்வதைவிட மடிப்பு சீக்கிரம் கைக்குப் பழகும்.

இனி தாளுக்கு வருவோம். உச்சிக்கு ஒரு கோடு, பாதத்துக்கு ஒரு கோடு. இந்த இரண்டையும் போடாமல் முகத்தைத் தொடாதீர்கள். தலையிலிருந்து வரைந்துகொண்டே இறங்கினால் முழங்காலுக்கு வரும்போது தாள் தீர்ந்துவிடும். இருக்கிற இடத்துக்குள் காலை அடக்கப் பார்ப்பீர்கள். இரண்டு கோடுகளுக்கும் சரிபாதியில் வருவது தொப்புள் என்று பலர் நினைக்கிறார்கள். தொடைகள் பிரியும் இடம்தான் பாதி. மேல் பாதியை நான்காகப் பிரித்தால் தாடை, மார்புக் காம்பு, தொப்புள், தொடைப் பிரிவு என்று வரிசையாக விழும். கீழ்ப் பாதியின் நடுவில் முழங்காலின் அடிப்பகுதி. கை தொங்கும்போது முழங்கை இடுப்பு மட்டத்துக்கும், மணிக்கட்டு தொடைப் பிரிவு மட்டத்துக்கும், விரல் நுனி நடுத்தொடைக்கும் வரும். பாதத்தின் நீளம் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ள நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கண்கள் தலையின் நடுவில். நெற்றிப் பக்கம் ஏற்றி வைத்துவிடாதீர்கள்.

எட்டுத் தலை என்பது மெருகேற்றிய கணக்கு. தெருவில் நடப்பவர்கள் ஏழரைத் தலைக்குப் பக்கத்தில் இருப்பார்கள். ஃபேஷன் ஓவியத்தில் ஒன்பது வரை நீட்டுவார்கள். கைக்குழந்தைக்கு நான்கு, ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு ஐந்தரையிலிருந்து ஆறு. பெரியவரின் விகிதத்திலேயே வரைந்து உயரத்தை மட்டும் குறைத்தால் அது குழந்தையாகாது. இன்னோர் அளவு நமக்கு அடிக்கடி தேவைப்படும்: தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் உச்சி, தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு தலை உயரத்தில் இருக்கும். பந்தியில் சாப்பிடுபவர்கள், கச்சேரி மேடை, திண்ணைப் பேச்சு எல்லாவற்றுக்கும் இந்த ஓர் அளவு போதும்.

எடை எந்தக் காலில்?

அளவெல்லாம் சரியாக இருந்தும் ஆள் துணிக்கடை பொம்மை போல் நிற்பதுண்டு. இரண்டு காலிலும் எடையைச் சமமாகப் போட்டிருப்பீர்கள். பேருந்துக்காகக் காத்திருக்கும் யாரும் அப்படி நிற்பதில்லை. எடை ஒரு காலில் இறங்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு மேலேறும், அதே பக்கத்துத் தோள் கீழிறங்கும். கழுத்துக் குழியிலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டால், அது எடை தாங்கும் பாதத்தின் மேல் வந்து நிற்கும். நின்றிருக்கும் யாரை வரைந்தாலும் இந்தச் செங்குத்துக் கோட்டை முதலில் போட்டுப் பாருங்கள். படம் சாய்ந்து விழுவது நின்றுவிடும். சிற்பிகள் இந்த நிலைகளைச் சமபங்கம், அபங்கம், திரிபங்கம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் ஒரு அம்மன் சிலையின் முன் அரை நாள் செலவிடுங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. சிலை அசையாது, கோபித்துக்கொள்ளாது, எந்தப் பக்கமும் போய்ப் பார்க்கலாம். பழகுபவருக்கு இதைவிட நல்ல மாடல் கிடைக்காது. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த ஓவியர் சில்பி இப்படிக் கோயில் கோயிலாகப் போய், சிலைகளை நேரில் பார்த்து வரைந்தவர்.

விசை எப்படி ஓடுகிறது என்று பார்க்க மெரினாவுக்குப் போங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959 முதல் அங்கே நிற்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர் அவர். நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். அவர்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு, தரையை உதைக்கும் பாதத்திலிருந்து தொடங்கி, தொடை, முதுகு, தோள் வழியாகக் கை வரைக்கும் ஒரே கோடு போட்டுப் பாருங்கள். கோடு எங்கும் உடையாது. கை பிடித்திருக்கும் பிடியின் பலம் பின்னங்காலில் பிறக்கிறது. இந்த ஒரு கோட்டைத்தான் ஜெஸ்ச்சர் என்கிறார்கள். அமெரிக்க ஆசிரியர் கிமோன் நிக்கோலாய்டஸ் எழுதி 1941-இல் வந்த வரைகலைப் புத்தகம் இதைத் தொடக்கப் பயிற்சிகளில் ஒன்றாக வைக்கிறது: ஆள் எப்படி இருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறார் என்பதை வரைய வேண்டும்.

உடை ஒரு மறைவிடம் ஆகிவிடக் கூடாது. சேலையையும் வேட்டியையும் ஒரு குழாய் போல வரைந்து, உள்ளே கால் எங்கே என்று கேட்டால் பதில் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. முதலில் மெல்லிய கோட்டில் கால்களை முழுதாக வரையுங்கள். பிறகு துணி. துணி எங்கே உடம்பைத் தொடுகிறதோ அங்கே இழுவை, எங்கே விடுகிறதோ அங்கே மடிப்பு. நடக்கும்போது முன்னால் வரும் முழங்கால் கொசுவத்தைத் தள்ளும். அந்த ஒரு தள்ளலை வரைந்துவிட்டால், தெரியாத காலும் தெரிந்துவிடும்.

கைக்குள் என்ன இருக்கிறது

உள்ளங்கையின் அடியைத் தாடையில் வைத்து முகத்தை மூடிப் பாருங்கள். நடுவிரல் நுனி முடி தொடங்கும் இடத்தைத் தொடும் அல்லது அதற்கு அருகே வரும். நம் கை இவ்வளவு பெரியது என்று பலர் நினைத்திருக்க மாட்டார்கள். புதிதாக வரைபவர்கள் கையைச் சிறிதாக வரைவது, எனக்குத் தெரிந்து, பிழைகளிலேயே மிகப் பொதுவானது. பயத்தில் சிறிதாகிவிடுகிறது. அளந்து போட்டால் பயம் பாதி போய்விடும்.

ஒரு கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. பெயர்களைப் படிக்க வேண்டாம், மருத்துவப் பாடநூலுக்கு வரையப்போகிறவர்கள் தவிர. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. இடது முன்கையை வலது கையால் பற்றிக்கொண்டு, மேசையில் விரல்களால் தாளம் போட்டுப் பாருங்கள். தோலுக்கடியில் தசை ஓடுவது தெரியும். முஷ்டி பிடித்த கையை வரைந்து முன்கையைத் தளர்வாக விட்டால் படம் பொய்யாகத் தெரிவது அதனால்தான்.

வரைவதற்கு நான் சொல்லித்தரும் வரிசை பரதநாட்டியத்திலிருந்து வந்தது. அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல் ஒற்றைக் கை முத்திரைகள் 28 என்கிறது. ஆசிரியர் இல்லாத ஊரில் இருப்பவருக்கும் இவை ஒரு முழுப் பாடத்திட்டம். முதலில் பதாகம். நான்கு விரல்களும் சேர்ந்து நீண்டிருக்கும், கட்டைவிரல் மடங்கி ஒட்டியிருக்கும். விரல்களைப் பிரிக்காமல் கையை ஒரே பலகையாகப் பார்க்க இது கற்றுத்தரும். உள்ளங்கை ஒரு சதுரப் பெட்டி, மேலே விரல்கள் எல்லாம் சேர்ந்து இன்னொரு பெட்டி, பக்கத்தில் கட்டைவிரலின் முக்கோண மேடு. இந்த மூன்று வடிவங்களும் அமைந்த பிறகுதான் விரல்களைப் பிரிக்கும் கோடு. அவசரப்பட்டு விரல் விரலாகத் தொடங்குபவர்களுக்கு ஐந்து வாழைப்பழங்கள் கிடைக்கும், கை கிடைக்காது.

அடுத்து முஷ்டி. கையை ஒரு கட்டையாகப் பார்க்க வைக்கும். எந்தப் பரப்பு வெளிச்சத்தில், எந்தப் பரப்பு நிழலில் என்பது இங்கே தெளிவாகத் தெரியும். முஷ்டியில் கட்டைவிரலைத் தூக்கினால் சிகரம்; கட்டைவிரல் மற்ற நான்கோடு சேராத தனிப் பிறவி என்பது அப்போது புரியும். அதன் நகம் மற்ற நகங்களைப் போல் உங்களை நேரே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் திரும்பியிருக்கும். நகத்தை நேரே வரைந்துவிட்டால் கட்டைவிரல் ஐந்தாவது சாதாரண விரலாகிவிடும். பிறகு பத்மகோசம், பந்தைப் பிடித்தது போல் விரல்கள் குவிந்திருக்கும். உள்ளங்கையின் குழிவு பிடிபட இதைவிட நல்ல நிலை இல்லை. கடைசியில் அலபத்மம். ஒவ்வொரு விரலும் ஒரு திசையில் சுழலும். இதை மூன்று கோணங்களில் தடுமாறாமல் வரைந்துவிட்டால் ஒரு இதழின் படங்களுக்கு வேண்டிய கைகள் உங்களிடம் இருக்கின்றன.

வரையும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில. விரல் முட்டிகள் நேர்கோட்டில் இருப்பதில்லை, வளைவில் இருக்கும். நடுவிரல் முட்டிதான் மேடு. புறங்கையிலிருந்து பார்த்தால் விரல் நீளம், உள்ளங்கையிலிருந்து பார்த்தால் அதே விரல் குட்டை; விரலிடுக்கின் சவ்வு முதல் கணுவில் பாதியை உள்ளங்கைப் பக்கம் விழுங்கிவிடுகிறது. புறங்கைப் பக்கம் எலும்பு, ஆகவே கோடு இறுக்கமாக. உள்ளங்கைப் பக்கம் சதை, ஆகவே கோடு மெத்தென்று. ஓய்வில் இருக்கும் கையில் சுண்டுவிரல் அதிகமாகவும் ஆள்காட்டி விரல் குறைவாகவும் மடங்கியிருக்கும். தூங்குபவரின் கையைப் பாருங்கள். எல்லா விரலும் ஒரே அளவு மடங்கினால் அது ரப்பர் கையுறை.

வேலையில் இருக்கும் கை

சும்மா இருக்கும் கையை வரைவதுதான் கடினம். வேலை செய்யும் கைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் விரல்களை இடத்தில் வைத்துவிடும். டீ மாஸ்டர் குவளையை மேலே தூக்கி ஆற்றும்போது மேல் கையின் மணிக்கட்டு மடங்கி, கீழ்க் கையின் மணிக்கட்டு நிமிர்ந்து நிற்கும். நடத்துநரின் விரலிடுக்கில் ரூபாய் நோட்டுகள் நீளவாக்கில் மடிந்திருக்கும். தையல்காரர் துணியைத் தள்ளும் கை தட்டையாக, விரல் நுனிகள் மட்டும் அழுத்தமாக. முடிதிருத்துபவர் கத்தரிக்கோலில் மோதிர விரலையும் கட்டைவிரலையும் நுழைத்திருப்பார். மற்ற விரல்கள் துணைக்கு நிற்கும். பொருளை முதலில் வரைந்துவிட்டு, பிறகு அதைச் சுற்றிக் கையைப் போடுங்கள். குவளையின் உருளை சரியாக இருந்தால், அதைச் சுற்றும் விரல்கள் தாமாக அதன் வளைவில் போய் அமரும்.

பாடநூல் வேலையில் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. சோதனைக் குழாயைப் பிடிக்கும் கை, ஊசியில் நூல் கோக்கும் கை, இவற்றைத் தவறாக வரைந்தால் பிள்ளைகள் தவறாகவே பிடிப்பார்கள். கதைப் படத்திலும் கையிடமிருந்து தப்ப முடியாது: கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ கதைக்குக் கோபுலு வரைந்தார். நாதஸ்வரக்காரரும் நாட்டியக்காரியும் நாயகர்களாக இருக்கும் கதையில் கையை எங்கே ஒளிப்பது? ஐரோப்பாவில் ஓவியர் டியூரர் 1508-இல் ஒரு தேவாலய ஓவியத்துக்காகக் கூப்பிய கைகளைத் தனியாக வரைந்து பார்த்தார். இன்று அந்தப் பயிற்சிப் படம்தான் உலகம் முழுக்கத் தெரிந்த படம். அவ்வளவு பெரிய கலைஞரே பெரிய படத்தில் கை வைக்கும் முன் கையை மட்டும் தனியே வரைந்து பார்த்திருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பூக்காரம்மாவை நான் ஏழெட்டு முறை மாற்றி வரைந்து, இரண்டு மாதம் கழித்து அதே பெரியவரிடம் கொண்டுபோனேன். “நாரை இன்னும் கொஞ்சம் இறுக்கமா போடு தம்பி” என்றார். கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தை வைத்துக்கொண்டார்.

செல்போன் படத்தைப் பார்த்து வரைபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அருகில் நின்று எடுத்தால் முன்னால் நீட்டிய கை ஊதிப் பெரிதாகும், பின்னால் இருக்கும் உடம்பு சுருங்கும். அருகில் நிற்பதன் விளைவு அது. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். அப்படியே நகலெடுக்காமல் சாணாலும் தலையாலும் ஒரு முறை சரிபாருங்கள்.

மூன்று மாதம்

முதல் மாதம் உடம்பு மட்டும். ஆள் தேடும் நேரமும் சேர்த்துத் தினம் முக்கால் மணி நேரம். முப்பது நொடிப் படம் இருபது, இரண்டு நிமிடப் படம் பத்து. மலிவான நியூஸ்பிரிண்ட் கட்டு, 4பி பென்சில், அவ்வளவுதான். அழிப்பான் வேண்டாம். ரயில்வே பிளாட்பாரம், ரேஷன் கடை வரிசை, கோயில் பிரகாரம் போன்ற, ஆட்கள் நின்றும் உட்கார்ந்தும் இருக்கும் இடங்கள் நல்லவை. யாராவது கவனித்துவிட்டால் மறைக்காமல் காட்டுங்கள், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் “என் மூக்கு இப்படியா இருக்கு?” என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார்கள்.

இரண்டாம் மாதம் கை. உங்கள் இடது கை சம்பளம் கேட்காத மாடல். எதிரே கண்ணாடி வைத்தால் அதுவே வலது கையாகிவிடும். முத்திரை வரிசை, பிறகு வீட்டில் வேலை செய்யும் கைகள். கூடவே அமெரிக்காவில் கற்பித்த ஜார்ஜ் பிரிட்ஜ்மேன் 1920-இல் வெளியிட்ட ‘தி புக் ஆஃப் எ ஹண்ட்ரட் ஹேண்ட்ஸ்’ புத்தகத்தைப் பார்த்து வரையலாம். உடம்புக்கு ஆண்ட்ரூ லூமிஸின் 1943-ஆம் ஆண்டுப் புத்தகம். இரண்டும் அருமையானவை. ஆனால் அவற்றில் இருப்பவர்கள் அந்தக் கால அமெரிக்க ஆட்கள், அதிலும் மெருகேற்றியவர்கள். கட்டமைப்பை அங்கே கற்றுக்கொண்டு ஆட்களை உங்கள் தெருவில் எடுங்கள். அந்தத் தோள்களையும் இடுப்புகளையும் அப்படியே கொண்டுவந்து வேட்டி கட்டிவிட்டால் ஊர் வராது.

மூன்றாம் மாதம் இரண்டையும் சேர்ப்பது. தினம் ஒரு முழு ஆள், ஏதாவது வேலை செய்துகொண்டு, இரண்டு கையும் தெரியும்படி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஆளை முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று நான்கு கோணத்தில், மட்டக்கோடுகள் இழுத்து வரையுங்கள். அனிமேஷன்காரர்கள் இதை டர்ன்அரவுண்டு என்பார்கள். நான்கிலும் முழங்கை ஒரே மட்டத்தில் வர வேண்டும். ஒரு நல்ல படம் வரைய நிறையப் பேருக்கு முடியும். அதே ஆளை இருபது ஃபிரேமில் அதே ஆளாக வைத்திருப்பவருக்குத்தான் வேலை.

ஃபைலும் கூலியும்

படிப்பு வேண்டுமென்றால் 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியும் கும்பகோணம் கல்லூரியும் இருக்கின்றன. சிற்ப வழியில் போக விரும்பினால் மாமல்லபுரம். பள்ளி ஓவிய ஆசிரியராக நினைப்பவர்களுக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், லோயரும் ஹையரும். ஆனால் வேலை தேடுவோரிடம் முதலில் கேட்கப்படுவது ஃபைல்தான்.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து பக்கம் போதும். அதில் இரண்டு பக்கம் முழுக்க வேலை செய்யும் கைகள், ஒரு டர்ன்அரவுண்டு, ஒரு கூட்டக் காட்சி, வசனமில்லாமல் புரியும் ஒரு தொடர் பக்கம். நடிகர் முகத்தை நகலெடுத்த படங்களை எடுத்துவிடுங்கள். வீட்டில் மாட்டலாம், ஃபைலில் வேண்டாம். பதிலாக ஸ்கெட்ச் புத்தகத்தின் நான்கு அழுக்குப் பக்கங்களை வையுங்கள். 2022-இல் செயற்கை நுண்ணறிவுப் படங்கள் பரவியபோது ஊரே அவற்றை ஆறாவது விரலை வைத்துத்தான் கண்டுபிடித்தது. கருவிகள் இப்போது தேறிவிட்டன. ஆனாலும் இந்தக் கையால் இந்தக் குடத்தை இப்படித் தூக்க முடியுமா என்று பார்த்ததும் சொல்லக்கூடிய கண்ணுக்குத் தேவை கூடியிருக்கிறது. அந்தக் கண் உங்களுக்கு இருக்கிறது என்பதை ஸ்கெட்ச் புத்தகம்தான் காட்டும். வேலையும் மாறுபடும்: ஸ்டோரிபோர்டுக்கு வேகம், பாடநூலுக்குத் துல்லியம், பத்திரிகைக்கு உணர்ச்சி. ஒரே ஃபைலை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். டெஸ்ட் கொடுத்தால் எத்தனை ஃபிரேம், எத்தனை நாள், பணம் உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். இரண்டு மூன்று ஃபிரேம் சரி. ஒரு முழுக் காட்சியை இலவசமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

விலை சொல்லும் முன் கைகளை எண்ணுங்கள். ஒரு காமிக்ஸ் பக்கத்தில் ஆறு கட்டம், கட்டத்துக்கு இரண்டு பேர் என்றால் 24 கைகள். ஒரு கைக்கு உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று இந்த மூன்று மாதத்தில் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அப்போது கேட்பவரிடம் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியும். அந்த 24-ஐ வரையப்போகும் உங்கள் கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கோடுகளைத் தோளிலிருந்து இழுங்கள், மணிக்கட்டிலிருந்து வேண்டாம். முக்கால் மணிக்கு ஒரு முறை பென்சிலைக் கீழே வைத்து எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள். டம்ளரைப் பிடித்திருக்கும் உங்கள் விரல்களை அப்போது ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள்.